கேளாமல் சொன்ன ஆமென்

குதிகாலில் ஆணி இறக்கியதுபோல வலி. அது கெண்டைக்கால் வழியே மேலேறி இடுப்பில் குடியேறியிருந்தது. விடிந்ததிலிருந்து இரண்டு விசைத்தறிகளுக்கு நடுவே நின்ற கால்கள். உட்கார்ந்தால் எழ முடியாது என்று தெரிந்தும் தறிக்காரி வீட்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். தலையில் ஒட்டியிருந்த பஞ்சுத் தூசியை முந்தானையால் தட்டினாள். திறந்த கதவு வழியே கட்டில் தெரிந்தது. கட்டில் கம்பியைக் கணவரின் இடது கை விடாமல் தட்டிக்கொண்டிருந்தது.

ஜெப நேரம்.

"வரேங்க. மனுஷி மூச்சு விடட்டும்."

கை நிற்கவில்லை.

அவர் கொத்தனார். பக்கவாதம் அடித்து வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. தடவிப் பார்த்தே செங்கல்லின் வேக்காட்டைச் சொல்லும் வலது கை, செத்த கோழி மாதிரி மடியில் கிடந்தது. ஆனால் அவருக்குப் பெரிய இழப்பு கை இல்லை, வாய்தான். சபையில் ஜெபம் என்றால் அவரைத்தான் எழுப்புவார்கள். "கொத்தனார் ஜெபம் பண்ணினா தூக்குக்குண்டு விட்ட மாதிரி நேரா இறங்கும்" என்று போதகரே சொல்லியிருக்கிறார். வீட்டிலும் விளக்குப் போட்டதும் குடும்ப ஜெபம் நடந்தாக வேண்டும். அவர் வேதாகமத்தின் மேல் நெற்றியைக் கவிழ்த்து ஜெபிப்பார். மனைவியும் ஒரே மகளும் பின்னால் முழங்காலில் நிற்பார்கள். முடிவில் ஆமென் சொல்வது அவர்கள் வேலை.

அந்த ஆமென் ஒன்றுதான் தறிக்காரிக்குத் தெரிந்த ஜெபம்.

தறிப் பட்டறைச் சத்தம் காதைத் தின்றுவிடும். அங்கே யாரும் குரலை நம்பி வாய் திறப்பதில்லை. உதட்டைப் பார்த்துப் பேசுவார்கள், உதட்டாலேயே சிரிப்பார்கள், சண்டையும் போடுவார்கள். கல்யாணமாகிச் சில வருடங்களிலேயே அவளுக்குப் பேச்சு கேட்பது நின்றுபோனது. இடி கேட்கும். லாரி ஹாரன் கேட்கும். மனிதர்கள் சொல்வது கேட்காது. முகத்தைப் பார்த்துவிட்டால் மட்டும் ஒரு வார்த்தை தப்பாது. பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். "திமிர் பிடிச்சவ" என்றாள் மாமியார். செவிட்டு மருமகள் என்ற பேருக்கு இந்தப் பேர் மேல் என்று அவள் அதை அப்படியே விட்டுவிட்டாள். அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்று கணவருக்கும் மகளுக்கும் தெரியும். எவ்வளவு என்று தெரியாது.

கவிழ்ந்த தலையில் உதடு எங்கே தெரியப்போகிறது? ஜெபத்தின்போது அவள் ஒரு கண்ணை அரைவாசி திறந்து கணவரின் தோளைப் பார்த்திருப்பாள். ஜெபம் முடியும்போது தோள் இறங்கும். உடனே "ஆமென்" என்பாள். தன் குரல் தனக்குக் கேட்காததால் அது உரக்கவே வரும். "அம்மாவுக்குத்தான் பக்தி ஜாஸ்தி, தெருவே கேக்குது" என்று மகள் கேலி செய்வாள்.

மகள் வீட்டை விட்டுப் போய் வருடங்கள் ஓடிவிட்டன. லேத் பட்டறையில் வேலை பார்த்த ஒருவனைக் கட்டிக்கொள்வேன் என்றாள். சபை வாசலையே மிதிக்காதவன் என்று அப்பா மறுத்தார். ஒருநாள் சாயங்கால ஜெபம் முடிந்த கையோடு அவள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். தறிக்காரி வாசலில் ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். மகள் கையை உதறிவிட்டு ஒரு பார்வை பார்த்தாள். பெற்றவளைப் பார்க்கும் பார்வை இல்லை அது. அப்பாவோடு பேசாமல் இருப்பது சரி, புரிகிறது. அம்மாவோடு ஏன் பேசவில்லை? ஆள் அனுப்பினாள், பதில் இல்லை. நல்லது கெட்டதுக்கும் வரவில்லை. தறிக்காரி அந்தக் கேள்வியைத் தின்று, அதையே செரித்துக்கொண்டு, தறிக்குப் போய் வந்துகொண்டிருந்தாள்.

இப்போது கணவர் வாயடைத்துக் கிடக்க, ஜெபம் அவள் தலையில் வந்து விழுந்தது. வெளிச்சம் மங்கினால் போதும், கம்பியைத் தட்டுவார். வேதாகமத்தைக் காட்டுவார். பிறகு அவள் வாயைக் காட்டுவார்.

முழங்காலில் நின்று "ஆண்டவரே" என்பாள். அடுத்த வார்த்தை வராது. கணவர் சொன்னதையே திருப்பிச் சொல்லலாம் என்றால், காது போன பிறகு அதில் ஒன்றைக்கூட அவள் கேட்டதில்லை. சிறுவயதில் ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்ததை ஒருநாள் ஒப்பித்தாள். முடித்து நிமிர்ந்தால் அவர் கண்ணில் நீர். அது இல்லை, அது இல்லை என்று தலையை ஆட்டினார். கை மறுபடி கம்பிக்குப் போயிற்று. சாப்பாட்டைத் தள்ளினார். தூக்கமும் இல்லை.

"எதுங்க வேணும்? சொல்லித் தொலைக்கவாவது வாய் இருக்கா உங்களுக்கு?" என்று கத்திவிட்டு, கத்தியதற்காக அடுப்படியில் போய் அழுதாள்.

போதகர் வந்தார். கட்டில் அருகே நின்று, நெற்றி நரம்பு புடைக்க நெடுநேரம் ஜெபித்தார். கணவரின் கை நிற்கவில்லை. போதகர் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார்.

"அவருக்கு என் ஜெபம் வேண்டாம் போலிருக்கும்மா. உங்க ஜெபம்தான் வேணும்."

"எனக்கு வராதுங்க ஐயா. ஆமென் சொல்லியே பழகிட்டேன்."

"ஜெபம் என்ன பெரிய வித்தையா? பெத்த அப்பாகிட்ட பேசுற மாதிரி பேசுங்க."

"எங்கப்பாகிட்ட நான் பேசினதே கிடையாதுங்க. அவரு செருப்புச் சத்தம் கேட்டாலே நாங்க பின்பக்கமா ஓடிருவோம்."

போதகர் சிரித்துவிட்டார். பிறகு சிரிக்கும் விஷயமில்லை என்று தெரிந்து வாயை மூடிக்கொண்டார். "சரி. யார்கிட்ட பயமில்லாம பேசுவீங்க?"

யோசித்தாள். "பட்டறையில ஒருத்தி இருக்கா."

"அப்படிப் பேசுங்க."

அந்த ஒருத்திக்குப் பட்டறையில் நெட்டை என்று பேர். எதிர்த் தறியில் நிற்பவள். தறிகளுக்கு மேலாகத் தலை தெரியும் உயரம். கோயில், குளம், சபை எதிலும் அவளுக்கு ஒட்டுதல் கிடையாது. முதலாளியின் மனைவி கட்டிய புதுச் சேலையிலிருந்து தன் மூலவியாதி வரைக்கும் எல்லாம் அவள் உதட்டில் ஓடும்.

மறுநாள் தறிக்காரி பாவு நூலில் அறுந்த இழையை முடிந்துகொண்டே உதட்டை அசைத்துப் பார்த்தாள். சத்தமே இல்லை. குரல் எழுப்பியிருந்தாலும் தறி இரைச்சலில் கேட்டிருக்காது. ஆண்டவரே, இடுப்பு விட்டுப்போகுது. இந்தத் தறி நேத்துலருந்து குறுக்க நூல் ஓட்டுற நாடாவைத் துப்புது, மிஸ்திரி எட்டிப் பாக்க மாட்டேங்குறான். முதலாளி கூலியில கை வைக்கிறான். வீட்டுக்குப் போனா அந்த மனுஷன் தட்டுற தட்டுல எனக்குக் கிறுக்குப் பிடிக்குது.

நிமிர்ந்து பார்த்தால் நெட்டை இடுப்பில் கை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி, முதலாளியைப் பத்திச் சாமிகிட்டக் கோள் மூட்டுற?" என்றது நெட்டையின் உதடு.

"நான் உன்கிட்டயா பேசினேன்? உன் தறியைப் பாரு."

"பட்டறை நடுவுல நின்னு அளந்தா படிக்கத்தான் செய்வேன். மூலவியாதிக்கும் ஒரு வார்த்தை சொல்லி வை. நான் சொன்னா அவருக்கு ஆள் தெரியாது."

அன்றிலிருந்து ஜெபிக்கும்போது தறிக்காரி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். காரை பெயர்ந்த சுவர். அதில் பஞ்சு அப்பியிருக்கும். தறி தன்பாட்டில் ஓடும்போது, நாடாவில் ஊடை நூல் சுற்றிய தார் தீரும் வரைக்கும் உள்ள இடைவெளியில் அவள் பேசினாள். முதலில் சங்கடமாக இருந்தது. யாரிடம் பேசினாலும் முகத்தைப் பார்த்துப் பேசியே பழக்கம். பதில் வருகிறதா என்று பார்க்க ஒரு முகம் இல்லை. இரண்டொரு நாள் அது கிணற்றில் கல் போட்ட மாதிரிதான் இருந்தது. ஆனால் நிறுத்தவில்லை. நிறுத்தினால் வலி மட்டும்தான் மிஞ்சியது.

போகப் போக ஒன்று கவனித்தாள். எதில் தொடங்கினாலும் பேச்சு மகளிடம் போய் நின்றது. கூலி, தறி, கணவரின் படுக்கைப் புண் என்று சுற்றிவிட்டுக் கடைசியில் அங்கேதான் வந்தாள். அவ ஏன் என்கிட்டப் பேசல? நான் என்ன பண்ணினேன்? உங்களுக்குத் தெரியும்ல. தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருக்கீங்களா? இதைச் சொல்லும்போது அவளுக்குக் கோபம் வந்தது. ஆண்டவரிடம் கோபப்படலாமா என்று தெரியவில்லை. பட்டுவிட்டாள். கோபப்பட்ட பிறகு, அவர் பக்கத்தில் நிற்பதுபோல முதல்முறையாகத் தோன்றியது. ஆறுதல் என்று சொல்ல முடியாது. ஆள் இருக்கிறார் என்கிற நினைப்பு, அவ்வளவுதான்.

ஒருநாள் சுவரைப் பார்க்கத் திரும்ப மறந்துவிட்டாள். நெட்டை எல்லாவற்றையும் படித்துவிட்டாள். அன்று கேலி செய்யவில்லை. அடுத்த விடுமுறை நாளில் இரண்டு பஸ் மாறிப் போய் மகளின் வீட்டைக் கண்டுபிடித்து, "உங்கப்பனுக்கு வாய் விழுந்துபோச்சு. உங்கம்மா சுவத்தோட பேசுறா. அப்புறம் உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

மகள் ஒரு மதியம் வந்தாள். வாசலிலேயே நின்றாள். இளைத்துப்போயிருந்தாள். காதோரம் நரை. தறிக்காரி கையில் இருந்த கஞ்சிக் கிண்ணத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

"வா."

"பாத்துட்டுப் போயிடுறேன்."

"பாரு. அதுக்காக வாசல்ல நின்னுக்கிட்டா பாப்பாங்க?"

மகள் உள்ளே வந்து அப்பாவைப் பார்த்தாள். அவர் முகத்தில் அசையும் பாதி மட்டும் அசைந்தது. அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். படுக்கை விரிப்பை மாற்றினாள். அவரைப் புரட்டிப் போட்டு முதுகுப் புண்ணைத் துடைத்து மருந்து வைத்தாள். வேலை சுத்தமாக இருந்தது. அந்நிய வீட்டு நோயாளிக்குச் செய்வதுபோலச் செய்தாள்.

"உனக்குப் பிள்ளைங்க?" என்று தறிக்காரி கேட்டாள்.

மகள் இல்லை என்று தலையை அசைத்தாள்.

விளக்குப் போடும் நேரம் வந்தது. கம்பியில் கை தட்டத் தொடங்கியது. அவர் வேதாகமத்தைக் காட்டினார். மனைவியின் வாயைக் காட்டினார். பிறகு, இதுவரை இல்லாதபடி, மகளைக் காட்டினார்.

மகளின் முகம் இறுகியது. பையை எடுத்தாள்.

"இதுக்கு நான் இருக்க மாட்டேன்."

"நில்லு. ஒரு ஜெபம்தானே?"

"ஒரு ஜெபமா?" மகள் திரும்பினாள். "உன்னால எப்படிம்மா இப்படிக் கேக்க முடியுது? அன்னைக்கு முழங்கால்ல நின்னு அவரு கேட்டதுக்கு ஆமென் சொன்னியே. அதுவும் தெருவுக்கே கேக்குற மாதிரி."

"எதுக்கு?"

"தெரியாத மாதிரி கேக்காத."

தறிக்காரி மகளின் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். "என் முகத்தைப் பாத்துச் சொல்லு. அவரு என்ன ஜெபம் பண்ணினாரு?"

மகள் அம்மாவின் கண்களைப் பார்த்தாள். ஏதோ தட்டுப்பட்டிருக்க வேண்டும். வார்த்தை வார்த்தையாகச் சொன்னாள்.

"ஆண்டவரே, இவ என் பேச்சை மீறிப் போனா, இவ வயித்துல எதுவும் தங்கக் கூடாது. பெத்தவன் வயிறு எப்படி எரியும்னு இவ தெரிஞ்சுக்கணும். அப்படின்னாரு. நீ ஆமென்னு சொன்ன."

தறிக்காரியின் கை தாடையிலிருந்து நழுவியது.

"மூணு தரிச்சுது. ஒண்ணும் தங்கல," என்றாள் மகள். "டாக்டர் ஆயிரம் காரணம் சொன்னாங்க. ரத்தம்னாங்க, சத்துன்னாங்க. ஒவ்வொரு தடவையும் என் காதுல கேட்டது உங்க ரெண்டு பேர் சத்தம்தான். அவரு பேசினதைக்கூட விட்டுத் தள்ளிருவேன். கோபக்காரர். நீ எப்படிம்மா?"

"எனக்குக் கேக்காது."

"என்ன?"

"கேக்காதுடி. நீ பொறக்குறதுக்கு முன்னாலயே போயிருச்சு. நீ என்னைப் பாத்துப் பேசினா தெரியும். திரும்பிக்கிட்டா தெரியாது. அவரு குனிஞ்சுக்கிட்டா தெரியாது. தோளு இறங்கினா ஆமென் சொல்லுவேன். எல்லா நாளும் அப்படித்தான். நீ பொறந்ததுக்கு அப்புறம் இந்த வீட்டுல நடந்த ஒரு ஜெபம்கூட எனக்குத் தெரியாது."

மகள் பையைக் கீழே வைத்தாள். பிறகு அம்மாவுக்குப் பின்னால் போய் நின்றாள். என்ன சொன்னாள் என்று தறிக்காரிக்குத் தெரியாது. மூச்சு மட்டும் கழுத்தில் பட்டது. திரும்பியபோது மகள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"கத்தினேம்மா. உன் காதுகிட்டயே கத்தினேன்," என்றாள் கையை எடுத்து.

கட்டிலில் கை நின்றுபோயிருந்தது. கணவர் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும்.

தறிக்காரி முழங்காலில் நிற்கவில்லை. இடுப்பு வளையவில்லை, மனமும் வளையவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். கண்ணை மூடவில்லை. எதிரே சுவர் இருந்தது, கணவர் தன் கையால் பூசிய சுவர். பட்டறைப் பழக்கத்தில் முதலில் உதடு மட்டும் அசைந்தது. பிறகு மகளுக்கும் கேட்கட்டும் என்று குரலை விட்டாள். எவ்வளவு உரக்க வருகிறது என்று அவளுக்குத் தெரியாது.

"ஆண்டவரே, நான்தான். பட்டறையில தினமும் பேசுறவ. நான் ஏன்னு கேட்டுக்கிட்டே இருந்தேன்ல, இன்னைக்குச் சொல்லிட்டீங்க. இவ்வளவு பெருசா இருக்கும்னு நான் நினைக்கல. அன்னைக்கு நான் சொன்ன ஆமென் என்னோடது இல்ல. தெரியாமச் சொன்னது. அதை எடுத்துப் போட்டுருங்க. உங்க புத்தகத்துல என் பேருக்கு நேரா அது இருந்தா அடிச்சிருங்க. கேக்காதுன்னு சொல்ல வெக்கப்பட்டேன், அது என் தப்பு. அதுக்கு என்னை அடிங்க, வாங்கிக்கிறேன். ஆனா ஒண்ணு கேக்குறேன். இந்த வீட்டுல கேட்ட ஜெபத்துல பாதியை நீங்க காதுல போட்டுக்கிட்டதில்ல. கல்யாணமான புதுசுல மழைக்குக் கூரை ஒழுகாம இருக்கணும்னு கேட்டோம், ஒழுகுச்சு. இவர் கை நல்லாகணும்னு சபையே கேட்டுச்சு, ஆகல. இந்த ஒண்ணையும் அப்படிக் கேக்காம விட்டிருக்கலாமே? விட்டீங்களா, கேட்டீங்களா? எனக்குத் தெரியல. நீங்க கேட்டிருக்க மாட்டீங்கன்னு நம்புறேன். நம்பாம நாளைக்கு உங்க முகத்தைப் பாத்து நான் எப்படிப் பேசுறது? என் பொண்ணு வயிறு ரணமா இருக்கு. அதைத் தொடுங்க. பிள்ளை குடுத்தாலும் சரி, குடுக்காட்டியும் சரி, எங்க ரெண்டு பேர் சத்தத்தை அவ காதுல இருந்து எடுங்க. எனக்குச் சத்தம் கேக்காம பண்ணினவர்தானே நீங்க. அவளுக்கு அந்த ஒண்ணு மட்டும் கேக்காம பண்ணுங்க."

நிறுத்தினாள். யாரும் ஆமென் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. மகள் தரையில் உட்கார்ந்து அம்மாவின் முழங்காலில் தலையை வைத்திருந்தாள். அவள் அழுகிறாள் என்பது சேலை நனைந்தபோதுதான் தெரிந்தது.

கணவரின் இடது கை மெல்ல நீண்டு மகளின் தலைப்பக்கம் வந்தது. மகள் தலையை நகர்த்திக்கொண்டாள். கை விரிப்பின் மேல் விழுந்தது. அவர் முகத்தின் ஒரு பாதி அழுதது. மற்றப் பாதி பூசிய சுவர் மாதிரி இருந்தது.

பஸ் நிறுத்தம் வரைக்கும் இருவரும் நடந்தார்கள். தெருவிளக்குக்குக் கீழே வந்தபோதெல்லாம் மகள் நின்று, முகத்தைக் காட்டிப் பேசினாள்.

"அடுத்த வாரமும் வரேன். உனக்காகத்தான்."

"அவரு அழுறாருடி. தினமும் கம்பியைத் தட்டுறது இதுக்குத்தானோ என்னமோ. இதைத் திருப்பி எடுக்கச் சொல்லித்தான் என் வாயைக் காட்டினாரோ."

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். பக்கவாதம் வந்தவங்களுக்குச் சும்மாவே கண்ணுல தண்ணி வரும்மா, எங்க தெருவுலயும் ஒருத்தர் இருக்காரு." பஸ் வந்து நின்றது. மகள் படியில் கால் வைத்துவிட்டுத் திரும்பினாள். "நீ தெரியாமச் சொன்ன. அவரு தெரிஞ்சு சொன்னாரு. அவருக்குப் பதிலா நீ மன்னிப்புக் கேக்காத. கேட்டாலும் நான் வாங்கிக்க மாட்டேன்."

மகள் சொன்னபடி வந்தாள். வாரா வாரம் வந்தாள். அப்பாவின் புண்ணைத் துடைத்தாள், நகம் வெட்டினாள். அவரிடம் பேசவில்லை.

கணவர் கம்பியைத் தட்டுவதை நிறுத்திவிட்டார். இப்போது சாயங்காலம் தறிக்காரி தானாகவே போய்க் கட்டிலில் உட்காருகிறாள். பட்டறையில் விட்ட இடத்திலிருந்து பேசுகிறாள். சில நாள் அரைமணி நேரம், சில நாள் ஒரு பெருமூச்சு. அவர் அவள் முகத்தையே பார்த்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் மேல் உள்ள ஆத்திரத்தையும் அவர் முன்னாலேயே ஆண்டவரிடம் சொல்கிறாள். மறைத்துப் பேசினால் அது ஜெபமாக இருக்கவில்லை.

"இவருக்கு வாயைக் குடுங்க ஆண்டவரே," என்று கடைசியில் கேட்கிறாள். "சபையில எழுந்து நிக்கிற வாய் வேண்டாம். ஒரு வார்த்தைக்குப் போதும்."

வாய் இன்னும் வரவில்லை. மகளிடம் அவர் கேட்க வேண்டிய மன்னிப்பு அப்படியே பாக்கி இருக்கிறது.